ஹில்துர் கப்பலின் வலப்பக்கம்

ரீசோர்,
9 மார்ச் 1936

அன்புள்ள தம்பி சிக்வாலுக்கு,

அக்கா குன்வோர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ எழுதிய "ஹில்துர்" கப்பலின் வரலாறு சனிக்கிழமை தபாலில் வந்தது. தோல் அட்டை, தங்க எழுத்து, உன் பெயருக்கு முன்னால் பேராசிரியர். பெருமையாகத்தான் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும்.

தென்துருவப் பனியில் இரண்டாவது குளிர்காலத்தில் கப்பலின் வலப்பக்கம் உடைந்ததே, அதற்குக் காரணம் நம் அப்பாவின் பட்டறை சரியாகக் காயாத ஓக் மரத்தைப் போட்டதுதானாம். எழுதியது யார்? அதே பட்டறையின் மரத்தூளில் தவழ்ந்தவன். வெட்டிய மரத்தை ஆறு வருடம் கொட்டகையில் புரட்டிப் புரட்டிக் காயவைத்த மனிதரடா நம் அப்பா. எதிர்த்துப் பேச அவர் உயிரோடு இல்லை என்கிற துணிச்சலா?

இன்னொன்றும் கேள். நம் ஊர் அந்தக் கப்பலைத் திரும்ப வாங்கிப் பழுது பார்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். ஜூன் 23, யோவான் திருநாளுக்கு முந்தின மாலை, காட்சிக்குத் திறக்கிறார்கள். கட்டியவர் தெலெஃப் என்று அப்பாவுக்குப் பெயர்ப்பலகை செதுக்கி வைத்திருந்தார்கள். நேற்று குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "பெத்த புள்ளையே எழுதிட்டாரும்மா. அதுக்கு மேல நாங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உங்க அப்பா பேர மாட்டுறது?" என்றார். பலகை இப்போது அவர் கடையின் பின்கட்டில் கிடக்கிறது.

அந்தப் பக்கத்தைத் திருத்து. திருவிழாவுக்கு முன்னால் திருத்து.

உன் அக்கா,
குன்வோர்

•

ஓஸ்லோ,
17 மார்ச் 1936

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த சூட்டில் தபால்காரரின் கை வெந்திருக்கும். நீ அனுப்பிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கிடைத்தது, பிள்ளைகள் இரண்டே நாளில் தீர்த்துவிட்டார்கள்.

அப்பாவை நான் அவமதிக்க நினைப்பேனா? ஆனால் வரலாறு எழுத உட்கார்ந்தவன் பாசத்தை வாசலில் விட்டுவிட வேண்டும். அந்தப் பனிக்குள் நாற்பத்தொரு நாள் இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தவர்களில் நானும் ஒருவன். உடைந்த வெளிப்பலகைக்குப் பின்னால் மரம் இற்றுப்போயிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பாதி வேலையோடு திரும்பினோம். தெற்கே ஒரு துறைமுகத்தில் அவசரமாக வெளிப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

ஒன்று யோசித்துப் பார். அதற்குப் பிறகு அப்பா பத்து வருடம் இருந்தார். பத்திரிகைகள் அவர் மரத்தைக் குறை சொன்னபோது ஒரு முறையாவது மறுத்தாரா? தப்பில்லாதவர் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

பெயர்ப்பலகை விஷயம் வருத்தம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
சிக்வால்

•

ரீசோர்,
2 ஏப்ரல் 1936

சிக்வாலுக்கு,

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று கேட்டாயல்லவா? பதில் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கப்பலைக் கரையேற்றிய இடத்துக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கிறவர் தாரால்ட். உங்களோடு பனிக்குப் போன கப்பல் தச்சர், எழுபது தாண்டிவிட்டது. அன்றைக்கு உள்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவே, ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும் இடையே, நம் ஆட்கள் கொட்டி நிரப்பும் உப்பு முப்பது வருடத்துக்குப் பிறகும் பாளம் பாளமாக இருந்தது. உப்பு இருக்கும்வரை மரம் அழுகாது. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் உப்பு வாளி தூக்கினவன்தான்.

தாரால்ட் என்னை வலப்பக்கம் கூட்டிப்போனார். உன் ஆய்வு அறை இருந்த இடம். ஆறு விலாக்கள். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"நாக்குல வெச்சுப் பாரு" என்றார். தச்சர்கள் செய்வதுபோல நக்கிப் பார்த்தேன்.

"உப்பே கரிக்கலையே!"

"எப்பிடிக் கரிக்கும்? போற வழியில நாந்தான் அள்ளிக் கடல்ல கொட்டினேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருந்தது?"

"எனக்கில்ல, உன் தம்பிக்கு. 'உப்பு ஈரத்த இழுக்குது, செவுரெல்லாம் வேர்க்குது, என் கருவி பூரா துருவேறுது, எடுத்துருங்க'ன்னாரு. வேணாம் தம்பி, உங்கப்பா அறிஞ்சா தோல உரிச்சிருவாருன்னேன். 'இந்த வெக்கையான கடலத் தாண்டினதும் திருப்பி நெரப்பிக்கலாம்'னாரு. நெரப்ப உப்பு எங்க இருந்துச்சு? சமையக்காரன்கிட்ட இருந்த ஒரு சாடியா?"

அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"கரையேறுன அன்னிக்கே சொல்லிட்டேன். உங்கப்பா கையில இருந்த உளியக் கீழ வெச்சாரு. அப்புறம், 'பையனுக்கு இப்பத்தான் பல்கலைக்கழகத்துல எடம் வரப்போகுது. மரம்தான் சரியில்லன்னு சொல்லிட்டுப் போகட்டும், நீ வாயத் தொறக்காத'ன்னு பைபிள் மேல கை வெக்கச் சொன்னாரு. இத்தன வருசம் காப்பாத்தினேன். உன் தம்பி புத்தகத்தப் படிச்சதும் அந்தச் சத்தியத்த விட்டுட்டேன். பாவம் எனக்கே வரட்டும்."

எனக்கு அப்பா மேலும் கோபம்தான். ஒரு மகனுக்காகப் பட்டறையை மூட யார் சொன்னது? அந்தப் பழிக்குப் பிறகு கப்பல் கட்டச் சொல்லி ஒருவரும் வரவில்லை. பட்டறையின் முப்பது ஆட்கள் பிழைப்புக்கு அமெரிக்கா போனார்கள், பாதிப் பேர் திரும்பவே இல்லை. ஆனால் அவர் மௌனத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்து வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திருவிழாவுக்கு வா. மேல்தளத்தில் ஏறி நின்று உன் வாயால் சொல்.

குன்வோர்

•

ஓஸ்லோ,
20 ஏப்ரல் 1936

அன்பு அக்காவுக்கு,

ஆம், நான்தான் சொன்னேன். தாரால்ட் பொய் சொல்லவில்லை. அன்று எனக்கு முப்பது வயது, என் கருவிகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. உடைந்த பலகையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியும் என்பதும் தெரியும். துறைமுகத்தில் என் கையைப் பிடித்து, "போயி படிக்கிற வேலயப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். சொல்லிச் சொல்லி, மரம்தான் குற்றம் என்று நானே பாதி நம்பிவிட்டேன்.

ஆனால் இப்போது வேண்டாம் அக்கா. அடுத்த வருடம் அறிவியல் கழகத்தின் தலைவர் பதவிக்கு என் பெயர் வரப்போகிறது. அது முடியட்டும். இரண்டாம் பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்துவிடுகிறேன், வாக்கு. அப்பாவே பொறுத்துக்கொண்டதை நீயும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தம்பி,
சிக்வால்

•

ரீசோர்,
24 ஜூன் 1936

பேராசிரியர் அவர்களுக்கு,

நேற்றைய விழாவுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்துத் தந்தியை மருந்துக்கடைக்காரர் வாசித்தார். கைதட்டினார்கள். அதன்பின், கட்டியவரின் மகள் என்ற முறையில் ஓரிரு வார்த்தை சொல்லச் சொல்லி என்னை அழைத்தார். எனக்குச் சொந்தமாகப் பேச வராது. அதனால் "ஆம், நான்தான் சொன்னேன்" என்பதிலிருந்து "அடுப்பில் போட்டுவிடு" என்பது வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். பிறகு, கணவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இருபத்துநாலு வருடமாகக் காத்திருக்கும் ஓலாக் அம்மாள் கூட்டத்திலிருந்து கத்தினாள்: "அடிக்குறிப்பாம்ல! என் வீட்டுக்காரரையும் அடிக்குறிப்பாத் திருப்பி அனுப்புவாரா?" யாரும் சிரிக்கவில்லை. தாரால்ட் குழந்தை மாதிரி அழுதார்.

மருந்துக்கடைக்காரர் முகம் சிவந்து தானே ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கி வந்தார். இருட்டு விழாத அந்த மாலையில் அதை ஆணியடித்து மாட்டிவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

உங்கள் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. குழுவினர் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வலப்பக்கம், உங்கள் பழைய அறையில், அந்த ஆறு விலாக்களுக்கு நேரே கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் அதையும் அங்கேதான் மாட்டுவார்கள், இடம் நிறைய இருக்கிறது.

தெலெஃப் மகள்,
குன்வோர்