கட்டிலுக்குக் கீழே கிடந்த லொறி

இஞ்சாருங்கோ,

அக்காவோடு கிளினிக்குக்குப் போறன். பயப்படாதேங்கோ, மாதா மாதம் பார்க்கிறதுதான். சோறும் மீன் சொதியும் குசினியில் மூடி இருக்கு. பக்கத்து வீட்டுப் பரீதா சட்டி கேட்டு வந்தால் குடுத்துவிடுங்கோ.

கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றின லொறியைக் கண்டனான். துறைமுக டொக்யார்ட்டை விட்டுப் போன வெள்ளைக்காரர் வீட்டுக் குப்பையில் நீங்கள் எடுத்த அதே விளையாட்டு லொறி. "பிள்ளை பிறக்க முந்தி விளையாட்டுச் சாமான் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று அன்றைக்குச் சத்தம் போட்டனான். நீங்களும் திருத்துறதைப் பாதியில் விட்டிட்டியள்.

போன முறை தொட்டிலை வாங்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியால் வெறுங்கையோடு வந்தோமே. அந்தப் பயம்தான். உங்களில் கோபமில்லை.

நெளிவெல்லாம் தட்டி எடுத்து, துருவும் சுரண்டி வைத்திருக்கிறியள். இந்தக் கடல் காற்றுக்கு வெறும் தகடு தாங்குமா? இன்றைக்கே அடிப்பூச்சு அடியுங்கோ. காய்ந்த பிறகு பச்சை.

குணேஸ்

பி.கு: பின்பெட்டி இறுகிப்போய்க் கிடக்கு. எண்ணெய் விட்டு, சரிக்கக்கூடிய மாதிரிச் செய்யுங்கோ. பிள்ளை மண் ஏத்திக் கொட்ட வேணும்.