மாப்பிள்ளை இலை

வேலம்பாளையம்
9-11-1987

அன்புள்ள பழனாயிக்கு,

மாரப்பன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறேன். நீயும் ஐயனும் ஆத்தாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துத்தான் கொள்ள வேண்டியிருக்கிறது, நீதான் ஒரு வரி எழுதுவதில்லையே.

தலை தீபாவளிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாய். இன்றோடு பத்தொன்பது நாள். கல்யாணமாகி நீ இந்த வீட்டில் இருந்ததே ஐம்பது நாள்தான். பக்கத்து வீட்டு முனவர் பேகம் தினமும் கேட்கிறது, "ஏனுங்கண்ணா, அண்ணி எப்ப வர்றாங்க?" என்று. வெள்ளிக்கிழமை என்கிறேன். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்வதில்லை.

கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் உங்கள் வீட்டுக் கறிவிருந்தை விட்டுவிட்டு உடுமலைக்குப் போய் மேட்ச் பார்த்தேன், அதுதானே? ஒரு மேட்ச், பழனாயி. உலகக் கோப்பை நாலு வருசத்துக்கு ஒரு தடவைதான் வரும், கறி எப்போது வேண்டுமானாலும் ஆக்கலாம். உங்கள் வீட்டில் டி.வி. இருந்திருந்தால் நான் வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டேன். இப்போது அந்தக் கோப்பையும் இல்லை. போன வியாழக்கிழமை பம்பாயில் தோற்று வெளியே வந்தாகிவிட்டது. என் வீட்டுக்காரி விட்ட சாபம் என்று பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஸ்டவ்வில் திரி கருகிவிட்டது. எனக்கு மாற்றத் தெரியவில்லை. கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்து சேர்.

உன்
மாரப்பன்


மடத்துக்குளம்
16-11-1987

அன்புள்ள மாமாவுக்கு,

பழனாயி வணங்கி எழுதுவது. புதுத் திரி அலமாரி மேல்தட்டில், பழைய பவுடர் டப்பாவுக்குள் இருக்கிறது. ஸ்டவ் ஆறிய பிறகு மாற்றுங்கள், அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரு மேட்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்பதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஐயன் எங்களிடம் சத்தியம் வாங்கிவிட்டார். இப்போது அதை மீறித்தான் எழுதுகிறேன்.

விருந்துக்குப் பங்காளிகள் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தலை தீபாவளி விருந்தில் மாப்பிள்ளை கை நனைத்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நீங்கள் சிகரெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று காலை ஒன்பது மணிக்குப் போனீர்கள். ஒரு மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்து இலை போட்டாயிற்று. முதல் இலை உங்களுடையது, ஆள் இல்லாமல் கிடந்தது. இதோ வந்துவிடுவார் என்று ஐயன் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மணியாயிற்று. பெரியவர்களெல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கறி ஆறிக் கொழுப்பு உறைந்துபோயிற்று.

இரண்டரை மணிக்கு ஐயன் பின்பக்கம் போய்விட்டு வந்து, "மாப்பிள்ளை பொடக்காளி வழியா வந்துட்டாருங்க. காய்ச்சலடிக்குதுங்க, உள்ள படுத்துட்டாரு. அவரு இலைய உள்ளயே குடுத்தரலாமுங்க" என்றார். என் ஐயன் பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உங்கள் இலையை எடுத்துக்கொண்டு நான்தான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். கட்டில் காலியாக இருந்தது. போன இலை சாப்பிட்ட இலையாகத் திரும்பி வர வேண்டுமே. அதனால் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆம்பளைக்கு வைத்த சோறு, குழம்புக் கறி, ஈரல் வறுவல், முட்டை, இனிப்புக்கு வைத்த ஒப்பிட்டு, எல்லாவற்றையும். பாதியில் பொங்கியண்ணப் பெரியப்பா வெளியிலிருந்து, "மாப்பிள்ளை, இன்னொரு கரண்டி கறி போடட்டுங்களா?" என்று குரல் கொடுத்தார். நான் தொண்டையைக் கனைத்து ஆம்பளை மாதிரி இருமினேன். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. "காய்ச்சல்லயும் மாப்பிள்ளை ஒரு கை பாக்கறாருங்கோ" என்று சொன்னார்கள். அழுதால் சத்தம் வெளியே போகும் என்று அழக்கூட இல்லை. வழித்து முடித்து இலையை மடித்து வெளியே கொடுத்தேன்.

ஆறு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. "இந்தியா ஜெயிச்சிருச்சு பழனாயி" என்றீர்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கென்று யாருமே இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் இன்னும் போக மாட்டேன் என்கிறது.

பழனாயி


வேலம்பாளையம்
24-11-1987

அன்புள்ள பழனாயிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. கத்திரியை வைத்துவிட்டு வெளியே போய் வேன் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்கு என்னைத் தேடிக்கொண்டு ஆள் வந்த பிறகுதான் உள்ளே போனேன். மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். எழுத வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இனிமேல் எழுதுவதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதே. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு பதிமூன்று வயதில் திருப்பூருக்கு வந்தவன் நான். உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. தீபாவளிக்கு போனஸ் போட்டதும் இந்த ஊர் காலியாகிவிடும். பஸ் கூரை மேலெல்லாம் ஆள். மறுநாள் காலையில் ஒரு மெஷின் சத்தம் இருக்காது. மெஸ்ஸும் பூட்டியிருக்கும். வருசமெல்லாம் அந்தச் சத்தத்தைத் திட்டுவோம், ஆனால் அது நின்ற பிறகு பார்த்தால் பயமாக இருக்கும். எனக்குப் போக ஊர் கிடையாது. நானும் வாட்ச்மேன் சீனிச்சாமியும் கம்பெனி வாசலில் ரேடியோவில் மேட்ச் கேட்போம். ஒன்றும் புரியாவிட்டாலும் ஒரு மனுசக் குரல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கும் அதேதான். பதினாறு வருசமாக எனக்குப் பண்டிகை என்றால் அதுதான்.

அன்று காலையில் உன் ஆத்தா சொன்னாள், "நீங்க கை வெச்சாத்தானுங்க சாமி பந்தியே" என்று. பதினெட்டுப் பேர் என்னையே பார்ப்பார்கள். எதை முதலில் தொட வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. டெல்லியில் மேட்ச் இருந்தது, ஓடிவிட்டேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். உடுமலை டீக்கடையில் எல்லோரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கல் சமயத்தில் மெட்ராஸில் டெஸ்ட் மேட்ச் வருகிறது, ஐந்து நாள் ஆட்டம். நான் பார்க்கப் போவதில்லை. போகிக்கு மடத்துக்குளம் வருகிறேன், உன்னைப் பார்க்க மட்டும்.

உன்
மாரப்பன்


மடத்துக்குளம்
28-12-1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். எதை முதலில் தொடுவது என்று என்னைக் கேட்டிருந்தால் காதோடு சொல்லியிருப்பேனே. முதலில் இனிப்பு. அவ்வளவுதான் விசயம்.

கட்டாயம் வாருங்கள். நீங்கள் எழுதியதில் ஐயனிடம் பாதிதான் சொன்னேன், டி.வி. இருந்திருந்தால் வாசலைத் தாண்டியிருக்க மாட்டீர்கள் என்பதை மட்டும், சிரிப்புக்காக. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு உடுமலைக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தார். எதற்கு என்று கேட்டால், "மாப்பிள்ளைக்குத்தேன், உனக்கென்ன கண்ணு" என்கிறார். வேட்டியாக இருக்கும்.

என் பச்சைப் பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்திருக்கிறேன்.

பழனாயி


மடத்துக்குளம்
20-1-1988

மாமாவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அது வேட்டி இல்லை என்பதை நீங்களும் பார்த்தீர்கள். உடுமலையில் டி.வி.யை வாடகைக்கு எடுத்து, வண்டியில் வைக்கோல் மேல் வைத்துக் கொண்டுவந்தார் ஐயன். ஓட்டு மேல் ஏறி ஆன்டெனா கட்டினார். நீங்கள் வந்ததும் நாற்காலியைக் காட்டினார். நீங்கள் உட்கார்ந்தீர்கள். உன்னைப் பார்க்க மட்டும் என்று எழுதியவர் நீங்கள்தான்.

போகியும் பொங்கலும் இரண்டு நாளும் ஊரே எங்கள் வீட்டில். நான் டீ போட்டுக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு மட்டும் பன்னிரண்டு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தேன், எண்ணிக்கொண்டுதான் கொடுத்தேன். ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்களா? பானை பொங்கியபோது நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அந்த டி.வி.யின் முன்னால் இருந்தீர்கள். பானைப் பக்கத்தில் நின்று குலவை போட்டேன், என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மாட்டுப் பொங்கல் காலையில் அவசர ஆர்டர் என்று கிளம்பினீர்கள். "போயிட்டு வர்றேன் பழனாயி" என்றீர்கள். கதவு மூலையில் என் பச்சைப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதைத் தாண்டித்தான் செருப்பை மாட்டினீர்கள்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

பழனாயி


வேலம்பாளையம்
27-1-1988

அன்புள்ள பழனாயிக்கு,

அந்த இரண்டு நாளில் யார் எத்தனை ரன் அடித்தார்கள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அறுபது வயதுக்காரர் எனக்காக ஓட்டு மேல் ஏறியிருக்கிறார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "உக்காருங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைத் துண்டால் தட்டினார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? ஒரு தடவை அவரைப் பந்தியில் வைத்துத் தலைகுனிய விட்டவன் நான். எழுந்து உன்னிடம் வரலாம் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இது அவுட்டுங்களா?" என்று கேட்பார். அவருக்கும் அது பிடிக்கவில்லை, பழனாயி. எனக்காக உட்கார்ந்திருந்தார். நான் அவருக்காக உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் எழுந்துவிடுவேன் என்றுதான் டம்ளரையே பார்த்து வாங்கினேன்.

பெட்டியைப் பார்த்தேன். நீ எழுதியிருந்த பெட்டிதான் என்று தெரிந்தது. ஆனாலும் வருவதாக இருந்தால் நீ கிளம்பி முன்னால் வந்து நின்றிருப்பாய் என்று நினைத்தேன். பின்னாலேயே வந்துவிடுவாயோ என்று பஸ்ஸில் உனக்கு ஜன்னலோரம் இடம் போட்டுவைத்து, கண்டக்டர் கேட்ட பிறகுதான் துண்டை எடுத்தேன்.

வருகிற 7-2 ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. காலை பஸ்ஸில் ஏறினால் பதினொரு மணிக்குள் வந்துவிடலாம். நானே சமைக்கிறேன். இரண்டு தலைவாழை இலை போட்டு வைத்திருப்பேன். நீ வந்து கை நனைத்தால்தான் நான் கை நனைப்பேன். மூன்று மணியானாலும் உட்கார்ந்திருப்பேன்.

உன்
மாரப்பன்


வேலம்பாளையம்
7-2-1988, சாயங்காலம்

அன்புள்ள பழனாயிக்கு,

நீ வரவில்லை.

சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, கடையில் வாங்கிய மைசூர்பாகு. கறி எடுக்கவில்லை, அன்றைய இலையை நினைத்து உனக்குக் குமட்டும் என்று. பஸ் ஸ்டாப்புக்கு நாலு தடவை போய்விட்டு வந்தேன். மூன்று மணிக்கு முனவர் பேகம் கதவைத் தட்டி, "அண்ணி வந்துட்டாங்களாண்ணா?" என்று கேட்டது. நேற்றே அதனிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். கதவைத் திறக்காமல், "வந்தாச்சுங்க, சாப்பிட்டுட்டிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

சொன்ன பிறகு இரண்டு இலையும் சாப்பிட்ட இலையாக வெளியே போக வேண்டுமே. என்னுடையதைச் சாப்பிட்டேன். பிறகு இடம் மாறி உட்கார்ந்து உன்னுடையதைச் சாப்பிட்டேன். இனிப்பை முதலில் தொட்டேன். பாதியில் அழுகை வந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் உன் கடிதம் எனக்கு விளங்கியது. நவம்பர் மாசம் படித்தேன், இன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டு இலையையும் மடித்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் பேகம் அங்கேயே நிற்கிறது. கையில் உனக்கென்று கொஞ்சம் மல்லிகைப்பூ. வாசலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "ஒரு சோடி செருப்புத்தானுங்கண்ணா கெடக்குது" என்றது. நடந்ததையெல்லாம் அதுவே கேட்டு வாங்கிக்கொண்டது. பெட்டி மூலையில் இருந்த விசயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டது. "கோவிச்சுட்டுப் போன பொண்ணு கடுதாசி போட்டா வருமுங்களா? பொறந்த ஊட்டுல அது என்ன சொல்லிட்டுக் கெளம்பும்? நீங்க போயி, எல்லாரும் பாக்க அந்தப் பெட்டியக் கையில எடுக்கோணும். அப்பத்தானுங்க வரும்" என்றது. சொந்தக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கெல்லாம் இது தெரிந்திருக்கும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எழுபது கிலோமீட்டரை மூன்று மாசமாகத் தபாலில் தாண்டப் பார்த்திருக்கிறோம். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடப் போவதில்லை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், இது சட்டைப் பையில் இருக்கும். நேரில் பேச்சு வராவிட்டால் உன்னிடம் கொடுப்பேன்.

பச்சைப் பெட்டி கதவு மூலையிலேயே இருந்தால் நானே எடுத்துக்கொள்கிறேன். அதைப் பிரித்து உள்ளே வைத்துவிட்டாய் என்றால் நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரமானால் எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று ஐயனிடம் சொல். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கடைசியாக எனக்கு ஒரு இலை போட்டால் போதும்.

உன்
மாரப்பன்