எஞ்சின் மூடிக்குள் மூன்று வரி

பாய்,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானர் பிடித்தே காய்த்துப்போன விரல்கள் பேனாவையும் நட்டை முடுக்குவதுபோல இறுக்குகின்றன. தாளில் ஏற்கெனவே இரண்டு இடம் ஓட்டை. 'ழ' வரும் இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன். 'வாயப்பயம்' என்று சொல்லியே அறுபத்தெட்டு வருஷம் தின்றவன் நான். எழுதும்போது அதற்குள் இரண்டு 'ழ' இருக்கிறதாம்.

எதிரில் இருந்தால் 'நீ வா பாய்' என்றுதான் பேசுவேன். எழுத்தில் மரியாதை தானாக வருகிறது.

அப்போதெல்லாம் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஷெட்டில் வேலையில்லாத நேரத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படத்தில் இருக்கும் ஆளின் தலை மேலே இருந்தால் பேப்பரைச் சரியாகப் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். இப்போது ஆறு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். படிக்க வந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது போலாகிவிட்டது. தீப்பெட்டி, உர மூட்டை, மாத்திரை அட்டை, எதையும் விடுவதில்லை. உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நின்று 'மா-க-ற-ல்' என்று போர்டை உரக்கப் படித்தேன். "ஏறு தாத்தா, பாடத்த உள்ள வந்து படி" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உங்கள் எழுத்தை மட்டும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். உங்கள் வண்டியின் எஞ்சின் மூடி இன்னும் ஷெட்டின் பின்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. போன வெள்ளிக்கிழமை அதை எடுத்துக் கிரசின் துணியால் துடைத்தேன். அந்த வாசனையிலேயே நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது. உள்பக்கத்தில் வெள்ளை பெயின்டில் மூன்று வரி. அதை ஏதோ துவா என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எல்லா வண்டியிலும் சாமி பேர் எழுதுவார்கள். தொழுகை தவறாத ஆள் தன் சாமியை எழுதிவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அதன்மேல் கிரீஸ் படவிட்டதில்லை.

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'காலையில் ஹேண்டில்தான். டைமிங் ஏற்றாதே. கை போகும்.'

'கை' எனக்குச் சுலபம் பாய். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது.

ஏலத்தில் வந்த பழைய ஆஸ்பத்திரி வேன் அது. பெட்ரோல் எஞ்சின். அதற்குள் நீங்களும் பாயம்மாவும் வீடு கட்டிக்கொண்டீர்கள். ஒரு கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், ஒரு சின்ன ஃபேன், இரண்டு லைட், தையல் மெஷின் சாமான் பெட்டிகள். மாகறலில் நான்கு நாள், திருமுக்கூடலில் ஒரு வாரம், தாமலில் ஏரிக்கரை ஓரம் என்று வீட்டோடு போய் நிற்பீர்கள். ஊரில் உள்ள பெண்கள் ஓடாத மெஷினையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அரிசி மணி அளவு திருகைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே கழற்றுவீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும் அவசரத்தில் வண்டியை ஷெட்டில் விட்டீர்கள்.

"மேஸ்திரி, ஏரிக்கர மேட்டுல ஏற மாட்டேங்குது. கெழவன் மாதிரி முக்குது. இன்னான்னு பாரு. மூடிக்குள்ள எழுதிக்கீறேன், பாத்துப் பண்ணு."

"நீ போய்ட்டு வா பாய். மேடு இன்னா, மலையே ஏறும்."

மூடியைத் திறந்தேன். எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேலையைத் தொடங்கினேன்.

டைமிங் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதுகிறேன், என் கையே எழுதட்டும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். அதை இன்னும் முன்னால் கொண்டுபோவதைத்தான் ஏற்றுவது என்கிறோம். ஏற்றினால் வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் வண்டியைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிக் கையால் மெதுவாகச் சுற்றும்போது அதே தீ பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடிக்கும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் பாயும். நான் எஞ்சினில் இருக்கும் டைமிங் கோட்டைப் பார்த்து வைக்கிறவன் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, காதுக்கு எங்கே இனிக்கிறதோ அங்கே முடுக்குவேன். அன்று நன்றாகவே ஏற்றினேன். மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். பறந்தது.

நீங்கள் திரும்பி வந்து கேட்டீர்கள்.

"எழுதினத பாத்தியா?"

"பாத்தேன் பாய். கண்ணுல ஒத்திக்கினேன்."

"ஒத்திக்கினா போதாது நைனா. அதும்படி நடக்கணும்."

"நடக்காமயா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் டைமிங்கைச் சொன்னீர்கள். நான் சாமியைச் சொன்னேன். பார்த்தேன் என்றது பொய் இல்லை. அதனால்தான் அது இவ்வளவு கனமாக இருக்கிறது.

மறுநாள் காலை நாஷ்டாவுக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். உத்திரமேரூர் ஏரிக்கரையில் வண்டி நின்றது. பாயம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நீங்கள் சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்தீர்கள். உங்கள் கையில் நான் அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. என் ஷெட்டுக்கு நீங்கள் எப்போதும் எஞ்சின் ஓட ஓடத்தான் வருவீர்கள்.

"இன்னா பாய், செல்ஃப் எடுக்காதா?"

"ராவெல்லாம் லைட்டு, ஃபேனு. பேட்டரில இன்னா மிச்சம் கீது? தெனம் இதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுற்று சுற்றினீர்கள்.

எனக்குப் புரிந்ததும் ஹேண்டில் திருப்பி அடித்ததும் ஒன்றாக நடந்தது. மணிக்கட்டு கரண்டிபோல வளைந்துவிட்டது. நீங்கள் மண்ணில் உட்கார்ந்தீர்கள். கத்தவில்லை. "மெஷினு கையி, மேஸ்திரி, மெஷினு கையி" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். பாயம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார்.

"எப்டி ஆச்சு? எப்டி ஆச்சு?"

என்னைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "கட்ட வெரல மடக்கிப் புடிச்சிட்டாரு பாயம்மா. ஹேண்டில்ல அப்டிப் புடிக்கக் கூடாது."

நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

நீங்கள் உங்கள் கட்டை விரலைப் பார்த்தீர்கள். "ஆமா, மடக்கிட்டேன் போலகீது" என்றீர்கள்.

உங்களை எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டிக்குக் காவல் என்று நான் நின்றுகொண்டேன். எல்லோரும் கண்ணுக்கு மறைந்ததும் மூடியைத் திறந்து டைமிங்கை இறக்கிவிட்டேன். அந்த எழுத்து என்னையே பார்த்தது. அப்போதும் தொட்டுக் கும்பிட்டேன்.

எலும்பு கோணலாகக் கூடியது. சின்னத் திருப்புளி விரலில் நிற்கவில்லை. இடது கையால் முயன்று ஒரு பெண்ணின் மெஷினைக் கெடுத்துவிட்டு, அவளிடம் நீங்கள் கைகூப்பியதை நான் பார்த்தேன். வலது கை சரியாகக் கூடவில்லை, அந்தக் கும்பிடும் கோணலாகத்தான் இருந்தது. அப்புறம் வண்டி என் ஷெட்டுக்கு வந்து துண்டு துண்டாக விலைக்குப் போனது. நீங்கள் காஞ்சிபுரத்தில் பாயம்மாவின் தம்பி கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தீர்கள். நான் வரும்போதெல்லாம் பாயம்மா டீ வைத்துவிட்டு அதையே சொல்வார்.

"ஒரு கட்ட வெரல ஒயுங்கா வெக்கத் தெரியல இந்த மன்சனுக்கு. ரெண்டு பேர் பொயப்பும் போச்சு."

நீங்கள் சிரித்துக்கொண்டு அந்த விரலை இன்னொரு கைக்குள் மறைத்துக்கொள்வீர்கள். நான் டீயைக் குடிப்பேன். மூன்றாவது வருஷம் நீங்கள் இறந்துபோனீர்கள். அன்றைக்கும் வந்த பெண்களிடம் அவர் கட்டை விரலைச் சொல்லித்தான் அழுதார். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு சமாதானம் இருந்தது பாய். தினமும் ஹேண்டில் போடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்லியிருந்தால் ஏற்றியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அதுவும் போயிற்று. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளை பெயின்டில், பெரிய எழுத்தில், நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட இடத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள்.

பாயம்மா இருக்கிறார். முட்டி வலியாம். இன்னும் கட்டை விரலைத்தான் திட்டுகிறார் என்று அவர் தம்பி சொன்னார். அவருக்கும் படிக்கத் தெரியாது. இதைத் தபாலில் போட்டால் வீட்டில் யாராவது படித்துச் சொல்வார்கள். நடுவில் இரக்கப்பட்டு ஒரு வரியை விழுங்கிவிடுவார்கள். அதனால் நானே போகிறேன். எதிரில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். எழுந்து உள்ளே போனாலும் அவர் காதில் விழும்படி முடிவுவரை படிப்பேன். இத்தனை வருஷம் உங்கள் விரலுக்கு விழுந்த திட்டெல்லாம் என்னுடையது.

அவர் என்ன சொன்னாலும், எவ்வளவு அசிங்கமான வார்த்தையாக இருந்தாலும், ஒரு எழுத்துக்கூட விடாமல் அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.