பின்கட்டில் ஜன்னல் வைத்துவிட்டோம், அப்பா

சுண்ணாம்புக் கையோடு என்னைத் தூக்கி வளர்த்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நினைவு நாளென்றால் பத்திரிகையில் படம் போடுகிறார்கள், நாலு வரி பாட்டுப் போடுகிறார்கள். நீங்கள் படமே எடுத்துக்கொண்டதில்லை. பாட்டெழுத எனக்கு வராது. அதனால் கடிதம் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். நீங்கள் சீர்செய்த வீடுகளில் குடியிருந்தவர்கள் இந்தப் பினாங்கில் எத்தனையோ பேர்.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆர்கைல் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கூரை இறங்கி, சுவரில் ஆலங்கன்று முளைத்து, பேய் வீடு என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு வீட்டை அம்மாவின் சங்கிலியை விற்று வாங்கினார். அம்மா பழைய ஓடுகளைத் தேய்த்துக் கழுவினாள். சுந்தரம் அண்ணன் மண் சுமந்தான். நான் நீலம் போட்டுச் சுண்ணாம்பு கலக்கினேன். கீழே நாங்கள் இருந்துகொண்டு மேல்மாடியை வாடகைக்கு விட்டோம். பிறகு இரண்டாவது வீடு. அப்புறம் மூன்றாவது.

அந்த மூன்றாவது வீட்டில்தானே அப்பா, உங்களுக்கும் அண்ணனுக்கும் பேச்சு முற்றியது? ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு, அதன் முன்கட்டில் நாம் குடிவந்திருந்தோம். பின்கட்டு முன்பு அரிசிக் கிடங்காக இருந்ததாம், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நடுமுற்றத்து வெளிச்சம் உள்ளே விழட்டும் என்று அதைத் தடுக்காமல் ஒரே கூடமாக விட்டீர்கள். அண்ணன் பலகை அடிக்கச் சொன்னான்.

"நாலு அறை வரும்ப்பா. நாலு குடும்பம் இருக்கலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் விடறாங்க."

"நாலு அறையில எந்த அறைக்குடா ஜன்னல் இருக்கு?"

"படுக்கத்தானே வர்றாங்க. ஜன்னல் எதுக்கு?"

"வாடகை கொடுக்கிறவனும் மூச்சு விடணும்டா."

"அப்ப நாம கடைசி வரைக்கும் சுண்ணாம்புச் சட்டியே தூக்கிட்டிருக்க வேண்டியதுதான்."

அண்ணன் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறினான். குலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்ததாக இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். உங்களுக்கென்று ஒரு வரி எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டீர்கள்.

இனி நீங்கள் அறியாததைச் சொல்கிறேன். ரப்பர் விலை விழுந்தது அப்பா. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள், கப்பல் கப்பலாகச் சனங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மூன்று வீடுகளிலும் பாதி காலியாகிவிட்டது. இருந்தவர்களிடம் வாடகை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா ஒரு வேளைச் சோற்றை விரதம் என்று சொல்லித் தள்ளினாள். குறைந்த வாடகைக்குச் சின்ன அறை தேடி வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள்.

பலகை அடித்தேன். ஆமாம், நான்தான். உங்களிடம் வழக்கமாக வரும் சீனத் தச்சரையே வரச்சொன்னேன். அவர் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாப்பா சுக்கா கா?" என்று மலாயில் கேட்டார். அப்பாவுக்குப் பிடிக்குமா என்று. அப்பா இல்லையே என்றேன். அவர் முதல் ஆணியை அடித்தார்.

ஆறு மாதம் முன்பு ஒரு மத்தியான வேளை. வாசலில் அண்ணன் நிற்கிறான். பக்கத்தில் அண்ணி புஷ்பம், அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காலடியில் தகரப் பெட்டி. தோட்டத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்களாம். உள்ளே வராமல், யாரோ மாதிரி, "ரூம் காலியா இருக்கா கனகு?" என்றான்.

எங்கள் கூடத்திலேயே அவர்களுக்கு இடம் இருந்தது. ஆனாலும் பின்கட்டின் கடைசி அறையைக் காட்டினேன். அவன் கேட்ட அறையை அவனுக்கே கொடுப்பதில் எனக்கு ஒரு திருப்தி. நீங்கள் என்னை அப்படியா வளர்த்தீர்கள்?

நான்காம் நாள் புஷ்பம் அண்ணி என்னிடம் வந்தாள். குறை சொல்லும் குரல் இல்லை, நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டாள். "கனகு, இங்க காலையிலயும் விளக்கு ஏத்தித்தான் வைக்கணுமா? பிள்ளை விடிஞ்சதே தெரியாம படுத்தே கிடக்கு." குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

அண்ணன் அவள் பின்னால் நின்றிருந்தான். "இந்தப் பலகையை யார் அடிச்சது?"

"நான்தான்."

"அப்பா விடமாட்டாரே."

"நீ சொன்ன மாதிரிதான் அடிச்சேன் அண்ணே. அளவுகூட மாறல."

அவன் பலகையைத் தொட்டுப் பார்த்தான். மறுநாள் காலையில் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மற்ற அறைக்காரர்களின் சாமானை முன்கூடத்துக்கு நகர்த்திவிட்டு ஒவ்வொரு பலகையாகக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அதோடு விடாமல் பின்சுவரில் கடப்பாரையை வைத்தான். இரண்டு செங்கல் விழுந்திருக்கும். அம்மா ஓடிவந்தாள்.

"நில்லுடா! மேல கட்டை கொடுக்காம உடைச்சா சுவர் உக்காந்துடும். முப்பது வருஷம் கொத்தனாருக்குச் சோறு போட்டவ நான். என்னைக் கேளு."

அப்புறம் அம்மாதான் மேஸ்திரி. பலா மரக்கட்டை எங்கே கிடைக்கும், எத்தனை செங்கல்லை முதலில் எடுப்பது, சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறணும், எல்லாம் அவள் சொல்ல நாங்கள் செய்தோம். அண்ணியும் முந்தானையைச் செருகிக்கொண்டு மண் அள்ளினாள். ஒன்பதாம் நாள் பின்சந்திலிருந்து காற்று வந்து நடுமுற்றம் வரை போனது. குழந்தை ஜன்னலில் ஏறி நின்று சந்தோஷத்தில் கத்திற்று. நீங்கள் போன பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பலகை அறைகளில் இருந்தவர்களை யாரையும் அனுப்பவில்லை. மேல்மாடிகள் காலியாகத்தானே கிடந்தன, அதே வாடகைக்கு அங்கே ஏற்றிவிட்டோம். பின்கட்டு முழுக்க அண்ணன் குடும்பம். இப்போது ஒரு தையற்காரர், மாடிப்படி உளுத்துப்போன தன் வீட்டைச் சரிசெய்து தரக் கேட்டிருக்கிறார். அண்ணனும் நானும் தினம் போகிறோம்.

போன வாரம் அங்கே சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருக்கும்போது அவன் தலையைத் தூக்காமல் கேட்டான். "கனகு, அப்பா கடைசியில என்னைத் தேடினாரா?"

"நினைவே இல்லாம இருந்தாரு அண்ணே" என்றேன்.

அது பொய் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும் அப்பா. ஆறாம் நாள் நீங்கள் என் கையைப் பிடித்து, "சுந்தரத்துக்குத் தந்தி அடிம்மா" என்றீர்கள். அடித்துவிட்டேன் என்றேன். அடிக்கவில்லை. விட்டுப் போனவனை எதற்குக் கூப்பிடுவது என்று கோபம். படகேறினால் ஒரு நாளில் வந்திருப்பான். நாலு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகன் வரவில்லை என்று நினைத்தேதான் போனீர்கள். எல்லாம் முடிந்த பிறகு நான் போட்ட கடிதம்தான் அவனுக்குக் கிடைத்தது. அப்பா கூப்பிடவில்லை என்று நினைத்தே அவன் இருக்கிறான்.

இது அச்சில் வரும் முன்பே அவனிடம் நானே சொல்லிவிடுவேன். வேறு யாரோ படித்துச் சொல்லி அவன் அறியக்கூடாது. என்னை அடிக்கட்டும், பேசாமல் இருக்கட்டும், மறுபடி பெட்டியைத் தூக்கட்டும். இந்தத் தடவை படகுத்துறை வரைக்கும் பின்னாலேயே போய்க் கூப்பிடுவேன் அப்பா. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

தந்தி அடிக்காத உங்கள் மகள்,
கனகு