ரிஸ்வானா வீட்டு மருதாணிப் படங்கள்

இன்று காலை பத்து மணிவாக்கில், எல்லாப் படங்களும் இணையத்தில் ஏறி முடிந்துவிட்டன என்று கணினி சொன்னது. பதினேழு நாளாக இரவும் பகலும் ஓடியது. நடுவில் இங்கே ஆனையூரில் இரண்டு முறை கரண்டு போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. மேசையில் உன் கறுப்பு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதன்மேல் உன் கையெழுத்தில் ‘கோரிப்பாளையம் – பெண்கள்’ என்று ஒட்டிய தாள். வேலை முடிந்த நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கியிருப்பதால் எழுதுகிறேன்.

பெண்கள் மட்டும் கூடுகிற வீட்டு விசேஷங்களுக்குப் படமெடுக்கலாம் என்பது உன் யோசனைதான். நீ கோரிப்பாளையத்துப் பெண். அந்தத் தெருக்களில் எல்லா வீட்டுக் கதவும் உனக்குத் திறந்தது. பேரையூர்ப் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து வந்த என்னை, “இவ நம்ம பிள்ளைதாம்மா, என்னைய மாதிரி நெனச்சுக்கங்க” என்று நீதான் உள்ளே அழைத்துப் போனாய். கேமராவை எடுக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வாய்: “இந்தப் படம் இந்த வீட்டைத் தாண்டாது.” அதைக் கேட்ட பிறகுதான் முக்காடு விலகும், சிரிப்பு வெளியே வரும்.

ரிஸ்வானாவின் அக்காவுக்கு மருதாணி வைத்த அந்தச் சாயங்காலத்தை நீ மறந்திருக்கமாட்டாய். ரிஸ்வானா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தட்டித் தாளம் போட்டு அவள் ஆட, அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தப் படத்தை எடுத்தது நீ. கேமராத் திரையில் எனக்குக் காட்டி, “இம்புட்டு நாள்ல இதாண்டி என் படம்” என்றாய்.

படங்களை அனுப்பும் வேலை என்னுடையது. கோப்புகள் பெரியவை, போனில் போகாது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் ஏற்றி, மணப்பெண்ணுக்கு லிங்க் அனுப்பினேன். அந்த லிங்க் கையில் கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம் என்ற அமைப்பை மாற்றாமல் விட்டுவிட்டேன். அவள் அதைத் தன் சித்திக்கு அனுப்ப, சித்தி குடும்பக் குழுவில் போட, இரண்டே நாளில் ரிஸ்வானா ஆடிய படம் அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டு ஆண்களின் கைக்குப் போய்விட்டது. சம்பந்தம் நின்றது.

நாம் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். மாடிப்படியில் ஏறும்போது நான் பாதியில் நின்றுவிட்டேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டு மேலே போனாய். உன் குரல் கேட்டது. “நான்தாம்மா அனுப்புனேன். தப்பு என்னுதுதான்.”

“நம்ம தெருப் பிள்ளைன்னுதானே உன்னைய வீட்டுக்குள்ள விட்டேன்!” என்று ரிஸ்வானாவின் அம்மா கத்தியது எனக்குக் கீழே கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதை நான் எழுதமாட்டேன். நீ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாய்.

“ஏண்டி அப்படிச் சொன்ன?” என்று வண்டியில் ஏறும்போது கேட்டேன்.

“உன்னைய இந்த வீட்டுக்குள்ள கூட்டியாந்தது யாரு? நான்தான?” என்றாய். அத்தோடு அந்தப் பேச்சை மூடிவிட்டாய்.

அன்றிலிருந்து இணையத்தில் எதையும் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாய். நான் எத்தனை முறை வாதாடினேன்! டிஸ்க் ஒருநாள் போய்விடும், திருட்டுப் போகலாம், மழைத்தண்ணீர் இறங்கலாம் என்றேன். “போனா போகட்டும். வெளிய போறதுக்கு அழிஞ்சு போறது மேல்” என்றாய். கோபத்தில் நான் இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. குற்றம் செய்தவள் நான், கோபித்துக்கொண்டவளும் நான். நீ மீன் குழம்போடு வந்து என் கதவைத் தட்டினாய்.

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல். மூன்றே நாள். ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதபோது, டிஸ்க்குகள் எல்லாம் இனி என் பொறுப்பு என்ற நினைப்பு ஏன் வந்ததோ தெரியவில்லை. வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

நீ போய் எட்டு மாதம் கழித்து ரிஸ்வானா போன் செய்தாள். அவளுடைய அம்மா இறந்துவிட்டார்களாம். “அக்கா, அம்மா போட்டோவுக்கே நிக்க மாட்டாங்க. மருதாணி அன்னைக்கு எடுத்ததுல மட்டுந்தான் சிரிச்சிருப்பாங்க. இருக்கா?” என்றாள். வீட்டில் எல்லோரும் அந்தப் படங்களை அன்றைக்கே அழித்துவிட்டிருந்தார்கள்.

டிஸ்க்கைச் செருகினேன். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். கோப்புகள் ஒன்றும் தெரியவில்லை.

டவுன் பக்கம் டிஸ்க்கைச் சரிசெய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். “வச்சுட்டுப் போங்கம்மா, நாலு நாளாகும்” என்றார். “வச்சுட்டுப் போக முடியாதுண்ணே. இதுல இருக்கறது வீட்டுப் பொம்பளைங்க படம்” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். நான்கு நாளும் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரும் ஒரு படத்தைக்கூடத் திறக்காமல், கோப்பின் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்தே வேலை செய்தார். “முக்காவாசி வந்துருச்சு. இனிமே ஒரே எடத்துல வைக்காதீங்கம்மா” என்றார்.

அந்த முக்கால்வாசியில் ரிஸ்வானா அம்மாவின் சிரிப்பும் இருந்தது.

படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம் போனேன். இந்த முறை படியில் நிற்கவில்லை. ரிஸ்வானா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். படத்தை மடியில் வைத்து நெடுநேரம் அழுதாள். அவள் கண்ணைத் துடைத்ததும் சொன்னேன். “ரிஸ்வானா, அன்னைக்கு லிங்க் அனுப்புனது அவ இல்ல. நான்.”

அவள் படத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, “அந்தச் சம்பந்தம் போனதுல எனக்கு வருத்தமில்லக்கா. ஆனா அம்மா கடைசி வரைக்கும் அந்த அக்கா பேரையே எடுக்கல. அவங்க இறந்துட்டாங்கன்னு மவுத்துச் செய்தி வந்தப்பகூட, போய்ப் பாக்க எந்திரிக்கல. இத இப்ப வந்து எங்கிட்டச் சொல்றீங்களே, நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?” என்றாள்.

கிளம்பும்போது, மீட்ட படங்களை என்ன செய்வது என்று அவளிடமே கேட்டேன். படங்களை வைக்க இணையத்தில் எந்த இடம் பாதுகாப்பு என்று ஒரு மாதமாக நான் தேடிப் பார்த்ததைச் சொன்னேன். ஒரு சேவை படத்தைச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். இன்னொன்றில், நம் கணினியில் தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். மூன்றாவது ஒன்றில், படங்கள் இங்கிருந்து கிளம்புமுன்னரே பூட்டப்படும். சாவிச்சொல் நம்மிடம் மட்டும் இருக்கும், அந்த நிறுவனத்தாலும் திறக்க முடியாது. ஆனால் சொல் தொலைந்தால் எல்லாமே தொலைந்தது.

“அந்தச் சொல்லு யார்கிட்ட இருக்கும்?”

“என்கிட்ட.”

“உங்களுக்கு ஒண்ணு ஆகிட்டா?”

உன்னை நினைத்துத்தான் கேட்டாள். “எழுதி, கவர்ல போட்டு ஒட்டி எங்கிட்டக் குடுங்க. நான் பிரிக்க மாட்டேன்” என்றாள். நம்மால் யாருக்கு நம்பிக்கை போனதோ, அவளிடமே அந்த உறையைக் கொடுத்தேன். அதன் பிறகு, உன் டிஸ்க்கில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். நான்கு வீட்டார் வேண்டாம் என்றார்கள். அந்தப் படங்களை அழித்தேன். அழித்தவற்றில் உன் அருமையான படங்கள் சில இருந்தன. மன்னித்துக்கொள்.

நீ உயிரோடு இருக்கும்போதே நான் அந்தப் படியில் மீதிப் பாதியை ஏறியிருந்தால், அந்தத் தாய் உன் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அதை இனி எங்கிருந்தும் மீட்க முடியாது.

இப்போது தனியாகத்தான் விசேஷ வீடுகளுக்குப் போகிறேன். கேமராவை எடுக்குமுன் பெண்களிடம் என் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்கிறேன். “படத்துக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் கேக்கணும், வேற யாரையும் கேக்கக் கூடாது” என்கிறேன். சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள். இருந்தாலும் சொல்லி முடித்த பிறகுதான் கேமராவைத் தொடுகிறேன்.