முன்னறைக்கு ஒரு கண்ணாடி

மச்சாள்,

இன்று காலை எங்கள் லூயிஷாம் வீட்டுப் படுக்கையறை யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு துடைத்தும் மங்கல் போகவில்லை. பிறகுதான் விளங்கியது, குளிருக்கென்று இரட்டையாகப் போட்ட கண்ணாடிகளுக்கு நடுவில் ஈரம் நிற்கிறது. ஓரத்து அடைப்புப் பழுதாகி ஈரக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. என்னைக் கட்டிய உங்கள் தம்பி துணியை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இருவரையும் பார்த்து ஒரு கிழமை சிரித்திருப்பீர்கள்.

கண்ணாடியைப் பற்றி உங்களோடு கதைத்த அளவுக்கு நான் வேறு யாரோடும் எதைப் பற்றியும் கதைத்ததில்லை. உங்கள் கடைசிக் குளிர்காலத்துக்கு முந்திய மாதங்கள் அவை. மூச்சு வாங்கியதால் மாடிப்படி ஏற முடியாமல், உங்கள் பிளேஸ்டோ வீட்டின் முன்னறைக்குக் கட்டிலை இறக்கியிருந்தீர்கள். அங்கே பழைய மரச்சட்ட யன்னல், ஒற்றைக் கண்ணாடி. அறை குளிர்ந்தால் உங்கள் நெஞ்சு தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "அம்மா இங்க வரட்டும் மாமி. எங்கட பிளாட்டில யன்னலுக்கு மூண்டு கண்ணாடி, ஹீட்டர் போடவே தேவையில்லை" என்று ஹவுன்ஸ்லோவிலிருந்து உங்கள் மகன் என்னிடம் கெஞ்சினான். அவன் சொன்னது நியாயம்தான். நீங்களோ அந்த வீட்டை விட்டு அசையமாட்டேன் என்று நின்றீர்கள். குளிர் வருமுன் அறை சூடாகாவிட்டால் உங்களைத் தூக்கிக்கொண்டாவது போவது என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம்.

நீங்கள் சும்மா இருக்கும் ஆளா? வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு, சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போகிறவர், அன்று முன்னறை யன்னலருகே நின்றுவிட்டீர்கள். நேரே எழுந்த புகை, சட்டத்தடிக்கு வந்ததும் அறைக்குள் சாய்ந்தது. "பாரும், கண்ணாடியை மட்டும் பிழை சொல்லேலாது. சட்டத்துக்குள்ளால காத்து வருகுது" என்றீர்கள். கும்பிட வந்த நான் கும்பிட மறந்து புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு, ஹவுன்ஸ்லோவில் சில நாள், எங்கள் வீட்டில் சில நாள் படுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று புறப்பட்டீர்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்கள். மகன் வீட்டில் விடியற்காலையில் கண்ணாடியைத் தொட்டால் உள்சுவரைத் தொட்டதுபோல் குளிராமல் இருந்ததாம். அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டீர்கள். "ஆனா பிளேன் தலைக்கு மேல போகுது, சத்தமில்லை. தெருவில ஆர் போகினம் எண்டும் தெரியாது. அடைச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றும் சொன்னீர்கள்.

எங்கள் வீட்டு இரட்டைக் கண்ணாடி தொட்டால் சில்லென்றிருக்கும், ஆனால் கையை இழுக்கவைக்காது. பரவாயில்லை என்றீர்கள். அந்தப் பெருமையில் உங்களுக்கு மீன் பொரித்தேன். கோட்டுகளில் மணம் ஏறிவிடும் என்று, வழக்கம்போல் குசினி யன்னலையும் பின்கதவையும் அகலத் திறந்துவிட்டேன். ஹீட்டர் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் போர்வையோடு வந்து நின்றீர்கள்.

"மச்சாள், ரெண்டு கண்ணாடியெண்டா என்ன, மூண்டெண்டா என்ன. நாங்கள் பொரிக்கிற ஆக்கள்."

"மணம் போக வேணுமெல்லே?"

"போகட்டும். குசினிக் கதவைச் சாத்திப்போட்டுப் போகவிடும். வீட்டுச் சூடு முழுக்க மீனோட போகுது."

ஹீட்டரின் காஸ் பில் வரும்போதெல்லாம் கவலைப்பட்டு ஆயுளில் பாதி கழித்தவள் நான். யன்னலையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் முன்னறைக்கு யன்னல் பொருத்த வந்தவரும் உங்கள் பக்கம்தான் சாய்ந்தார். ஒற்றையிலிருந்து இரட்டைக்குப் போனால் சூடு வெளியேறுவது நன்றாகக் குறையும், இரட்டையிலிருந்து மூன்றுக்குப் போனால் அந்த அளவுக்கு இல்லை என்றார். அதிலும் பழைய செங்கல் சுவர் வழியே சூடு போய்க்கொண்டிருக்கும் வீட்டில், மூன்றடுக்குக்குக் கொடுக்கும் காசை ஹீட்டர் செலவில் மீட்பது லேசில்லையாம். நீங்கள் பழைய யன்னலை அப்படியே விட்டு, இடுக்குகளை அடைத்து, உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னீர்கள். எல்லாவற்றிலும் மலிவு அதுதான். பகலில் தள்ளித் திறந்து தெருவையும் கேட்கலாம். மகனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "தை வரட்டும், பாப்பம்" என்றான். எனக்கும் உள்ளூரப் பயம். பிழையாகிப்போனால் போவது உங்கள் மூச்சல்லவா.

தை வந்தது. அறையும் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. மாசியில் ஒருநாள் நானும் உங்கள் மகனும் வந்தபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கட்டிலோரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள், வெறுங்காலோடு. அந்த வீட்டில் குளிர்காலத்தில் காலுறை இல்லாத உங்கள் கால்களை நான் கண்டது அன்றுதான். மகன் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். "ஓமம்மா, சூடாத்தான் இருக்கு" என்றான். பிறகு அவன் ஹவுன்ஸ்லோவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பங்குனியில் அதே அறையில் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். உங்களை நினைத்து அழாத கிழமை இல்லை மச்சாள். ஆனால் கடைசியில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், நோயின் பெயரை நான் சொல்வதில்லை. "அவவின்ர வீட்டில, குளிராமல் இருந்தவ" என்றுதான் சொல்கிறேன்.