அம்மாவின் ஹால்டிக்கெட்

கண்ணு,

நீ போனை எடுக்காததால் படவேடு வரும் ஜீப்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அத்தை வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கணக்குப்பதிவியலில் ஃபெயிலானால் என்ன, மறுபடி எழுதிக்கலாம். அதுக்காக மூன்று நாளாய் வீட்டுக்கு வராமல் இருப்பாயா? "மார்க்க வெச்சிக்கினு இன்னா பண்றது, புள்ளய வரச் சொல்லு" என்று உங்கப்பா சோற்றில் கை வைக்காமல் கத்துகிறார்.

தனித்தேர்வராக நானும் உன்னோடு படித்துத்தானே பிளஸ் டூ எழுதினேன். உன் ரிசல்ட் வந்த அன்றைக்கே என்னுடையதும் வந்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று உங்க டீச்சர் நம்பர் கேட்டார். ஹால்டிக்கெட் தொலைந்துபோச்சு என்று பொய் சொல்லிவிட்டேன். வருஷம் முழுக்க 'பாஸாக்கு தாயே' என்று ரேணுகாம்பாளைக் கும்பிட்டவள், இப்போது ஃபெயிலாகவே இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன். பாஸென்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஹால்டிக்கெட் அம்மன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. நீயே வந்து எடுத்துப் பார்த்துச் சொல்லு.

உன்கூடப் படித்த
அம்மா